ரூபாய் சரிந்தால் கொழுந்து விலை ஏறும் என்பது உண்மையா? பன்னாட்டுப் பேரியல் பொருளியல் படிப்பவர்களுக்கான இழை

கோத்தகிரி மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் முதுகலைப் பொருளியல் முதலாண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் பன்னாட்டுப் பேரியல் பொருளியல், அதாவது நாடுகளுக்கு இடையிலான வணிகம், நாணயம், பணப் போக்குவரத்து பற்றிய படிப்பு, எங்களுக்குக் கட்டாயப் பாடம். சென்ற வாரத் தேர்வில் நாணய மதிப்புச் சரிவின் விளைவுகளைக் கேட்டிருந்தார்கள். ஏற்றுமதி பெருகும், இறக்குமதி சுருங்கும், வணிக இருப்பு (ஏற்றுமதியிலிருந்து இறக்குமதியைக் கழித்தது) மேம்படும், ஏற்றுமதிப் பொருளை விளைவிப்பவர் பயனடைவார் என்று எழுதினேன். முழு மதிப்பெண் கிடைத்தது. ஆனால் அந்தக் கடைசி வரியை எழுதும்போதே கை தயங்கியது.

எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. அப்பா கொழுந்து போடும் தொழிற்சாலையில் தரும் இலைப் புத்தகங்களையெல்லாம் அம்மா ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருக்கிறார். 2010-இல் ஒரு டாலருக்கு 45 ரூபாய் அளவில் இருந்த மாற்று வீதம் 2023 முடிவில் 83 ரூபாயைத் தொட்டது. கொழுந்து விலையும் அதே வேகத்தில் ஏறியிருந்தால், கொழுந்து எடுக்க ஆள் கூப்பிடுவதற்கு முன் அப்பா இரண்டு முறை யோசிக்க வேண்டியிருந்திருக்காது. புத்தகம் சொல்வது தவறா, அல்லது நான் அதைத் தவறாகப் படித்திருக்கிறேனா? கோடுகளை வரைந்து மனப்பாடம் செய்வதைத் தவிர இந்தப் பாடத்தைப் படிக்க வேறு வழி இருக்கிறதா? மூத்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

குன்னூர் ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

அம்மா, உங்கள் கை தயங்கியது சரியே. நீங்கள் எழுதிய விடையில் மூன்று வெவ்வேறு கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. நாட்டின் வணிக இருப்பு மேம்படுமா என்பது ஒன்று. ஏற்றுமதியாகும் தேயிலையின் அளவு கூடுமா என்பது இன்னொன்று. உங்கள் அப்பாவின் இலைப் புத்தகத்தில் கிலோவுக்கு எழுதப்படும் ரூபாய் ஏறுமா என்பது மூன்றாவது. பாடநூல் முதல் கேள்விக்குத்தான் விடை தருகிறது. அதையும் சில நிபந்தனைகளோடுதான் தருகிறது.

மூன்றாவது கேள்வியையே எடுத்துக்கொள்வோம். உலகச் சந்தையில் ஒரு கிலோ தேயிலை 2 டாலர் என்று நிலையாக இருந்து, நம் தேயிலை முழுவதும் வெளிநாட்டுக்கே போவதாக இருந்தால், டாலர் 10 சதவீதம் ஏறும்போது ரூபாய் விலையும் 10 சதவீதம் ஏற வேண்டும். நடப்பு அப்படி இல்லை. இந்தியா ஆண்டுக்கு ஏறத்தாழ 130 கோடி கிலோ தேயிலை விளைவித்து, அதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைத் தானே குடித்துவிடுகிறது. ஆகவே குன்னூர் ஏலத்தில் ஒரு தூள் வகைக்கு விலை கேட்பவரின் மனத்தில் உள்நாட்டுப் பொட்டல வியாபாரமும் இருக்கிறது, அந்த வாரம் அசாமிலிருந்து எவ்வளவு தேயிலை வந்திருக்கிறது என்பதும் இருக்கிறது. டாலர் அங்கே பல குரல்களில் ஒரு குரல்தான். தென்னிந்தியத் தேயிலை வடக்கைவிட ஏற்றுமதியை அதிகம் நம்பியிருப்பதால் அந்தக் குரல் இங்கே சற்று உரக்கக் கேட்கிறது. ஏலச் சராசரியிலிருந்து தொழிற்சாலையின் பங்கு கழிந்து மிஞ்சுவதே கொழுந்து விலையாக உங்கள் வீட்டுக்கு வருகிறது. ஒரு கிலோ தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல் கொழுந்து வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்தப் பாடத்தில் எதைப் படித்தாலும், விலை எந்தச் சந்தையில், எந்த நாணயத்தில் முடிவாகிறது என்ற கேள்வியை முதலில் கேட்டுப் பழகுங்கள்.

தாண்டிக்குடி காப்பித் தோட்டம் எழுதியது:

பழனி மலையிலிருந்து ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். எங்கள் நிலைமை நீலகிரிக்கு நேர்மாறானது. இந்தியக் காப்பியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கோ அதற்கு மேலோ ஏற்றுமதியாகிறது. அராபிகா விலை நியூயார்க் சந்தையில், ஒரு பவுண்டுக்கு இத்தனை சென்ட் என்று முடிவாகிறது. பார்ச்மென்ட் (பழத்தோல் நீக்கி, உள்தோலோடு உலர்த்திய காப்பிக் கொட்டை) வாங்க வருகிற வியாபாரி காலையில் இரண்டு எண்களைப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வார்: நியூயார்க் விலை ஒன்று, டாலர் விலை மற்றொன்று. இரண்டையும் பெருக்கி, செலவைக் கழித்து, அவர் மூட்டைக்குச் சொல்லும் தொகையை நானே தாளில் போட்டுப் பார்த்து ஒப்பிட்டிருக்கிறேன். ரூபாய் சரிந்தால் எங்கள் விலை அநேகமாக ஏறத்தான் செய்கிறது.

ஆனால் அநேகமாக என்ற சொல்லை விட்டுவிட முடியாது. அராபிகாவில் உலகின் முதல் நாடு பிரேசில். அதன் நாணயமான ரியால் டாலருக்கு எதிராகச் சரிந்தால், அங்குள்ள விவசாயி அதே டாலர் விலைக்கு அதிக ரியால் பெறுவதால் தயங்காமல் விற்கிறார். நியூயார்க் விலை இறங்குகிறது. அப்போது ரூபாயும் சேர்ந்து சரிந்திருந்தால் ஒரு கையில் வந்தது மறு கையில் போய்விடும். என் மகன் கல்லூரியில் இதே பாடத்தைப் படித்தபோது, ரூபாயை டாலரோடு மட்டும் ஒப்பிடாதே, ரியாலோடும் ஒப்பிட்டுப் பார் என்று நான்தான் அவனிடம் சொன்னேன்.

உதகை ஆய்வு மாணவர் எழுதியது:

தாண்டிக்குடி ஐயா சொன்னதைப் பாடத்தின் மொழியில் சொன்னால், இருநாட்டு மாற்று வீதம் வேறு, எல்லா வணிகக் கூட்டாளிகளின் நாணயங்களையும் எடையிட்டுச் சேர்த்துக் கணக்கிடும் பயனுறு மாற்று வீதம் வேறு. ரிசர்வ் வங்கி 40 நாணயங்களைக் கொண்டு இதைக் கணக்கிட்டு வெளியிடுகிறது. தேயிலைக்கு அதிலும் குறுகலான ஓர் ஒப்பீடு தேவை. நம்மைப் போலவே சிடிசி தூளை (இலையை இயந்திரத்தில் நசுக்கிச் சுருட்டிச் செய்யும் குறுமணித் தேயிலை) முதன்மையாக விளைவிக்கும் கென்யா நமக்குப் பெரிய போட்டியாளர். அதன் மொம்பாசா ஏலம் டாலரிலேயே நடக்கிறது. உலகமெங்கும் டாலர் வலுக்கும் காலத்தில் ரூபாயும் சரிகிறது, கென்ய ஷில்லிங்கும் சரிகிறது. 2024 சனவரியில் ஒரு டாலருக்கு 160 ஷில்லிங் என்ற அளவுக்கு அது போனது. எல்லாருமே ஒரு படி இறங்கி நின்றால் யாருக்கும் கூடுதல் உயரம் கிடைக்காது.

அடுத்து மெய் மாற்று வீதம், அதாவது இரு நாடுகளின் விலைவாசி ஏற்றத்தையும் கணக்கில் சேர்த்துப் பார்க்கும் வீதம். டாலர் விலை ஓராண்டில் 10 சதவீதம் ஏறியது, இங்கே பொதுவிலை 6 சதவீதமும் அமெரிக்காவில் 2 சதவீதமும் ஏறின என்று வைத்துக்கொள்வோம். 1.10-ஐ 1.02-ஆல் பெருக்கி 1.06-ஆல் வகுத்தால் 1.058 வரும். அதாவது மெய்யான சரிவு 6 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. மீதியைக் கூலியும் உரமும் டீசலும் தின்றுவிட்டன. பொட்டாஷ் உரத்தை இந்தியா ஏறத்தாழ முழுவதும் இறக்குமதி செய்கிறது என்பதால், ரூபாய்ச் சரிவு உங்கள் தோட்டத்துக்குள் விலை வழியாக வருவதற்கு முன்பே செலவு வழியாக வந்துவிடுகிறது.

விலைகளை எந்த நாணயத்தில் குறிக்கிறோம் என்பதைப் பற்றி அண்மைக் காலத்தில் நடந்த ஆய்வுகளையும் தேடிப் படியுங்கள். இரு நாடுகள் தங்களுக்குள் வாங்கி விற்கும்போதுகூட விலை பெரும்பாலும் டாலரிலேயே குறிக்கப்படுவதால், அந்த இரு நாணயங்களுக்கு இடையிலான வீதத்தைவிட டாலரின் வீதமே வணிகத்தை அதிகம் அசைக்கிறது என்று பொருளியலாளர் கீதா கோபிநாத்தும் உடன் ஆய்வாளர்களும் காட்டியிருக்கிறார்கள். மாணவர்கள் பழைய மாதிரிகளைப் படிக்கும் அதே வாரத்தில் இதையும் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குந்தா எழுதியது:

எல்லாம் நல்ல செய்திகள்தான். ஆனால் தங்கைக்குப் பருவத் தேர்வு வரப்போகிறது. தேர்வில் கொழுந்து விலையைக் கேட்க மாட்டார்கள். மண்டல்–ஃப்ளெமிங் மாதிரியையும் மார்ஷல்–லெர்னர் நிபந்தனையையும்தான் கேட்பார்கள். முதலில் கோடுகளைப் பிழையில்லாமல் வரையப் பழகட்டும். தோட்டத்தைப் பிறகு பார்க்கலாம். நான் இரண்டு முறை எழுதித் தேர்ச்சி பெற்ற பாடம் இது, பட்டதைச் சொல்கிறேன்.

உதகை ஆய்வு மாணவர் எழுதியது:

குந்தா அண்ணா, கோடுகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கோட்டை நகர்த்துவதற்கு முன் எது நிலையாக வைக்கப்பட்டிருக்கிறது என்று எழுதாமல் வரைகிற படம் தேர்விலும் நிற்காது. மண்டல்–ஃப்ளெமிங் மாதிரி, வெளிநாடுகளோடு வணிகமும் பணப் போக்குவரத்தும் உள்ள நாட்டில் அரசின் கொள்கைகள் என்ன செய்யும் என்று காட்டுவது. அதில் பொருள்களின் விலை அசைவதில்லை, நாடு சிறியது, உலக வட்டி வீதத்தை அதனால் மாற்ற முடியாது. மூலதனம் தடையின்றி ஓடுமானால், மாற்று வீதம் மிதக்கும் நாட்டில் அரசு செலவைக் கூட்டியதும் வட்டி ஏறப் பார்க்கும், வெளிநாட்டுப் பணம் உள்ளே வரும், நாணயம் வலுக்கும், நிகர ஏற்றுமதி சுருங்கி அரசுச் செலவின் பயனைத் துடைத்துவிடும். வீதத்தைக் கட்டி வைத்த நாட்டிலோ பணக் கொள்கை (மைய வங்கி பண அளவையும் வட்டியையும் மாற்றுவது) பயனற்றுப்போகும். இந்தச் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகச் சொந்த வாக்கியத்தில் எழுத முடிந்தால் படம் தானாக வரும். இந்தியாவில் மூலதனத்துக்குப் பல கட்டுப்பாடுகள் இருப்பதால் நம் செலுத்துநிலைக் கோடு (வெளிநாட்டு வரவும் செலவும் சமமாகும் வட்டி, வருமான நிலைகளை இணைப்பது) படுத்தும் கிடக்காது, செங்குத்தாகவும் நிற்காது. அதைச் சாய்வாக வரைந்து காரணத்தை எழுதுங்கள்.

மார்ஷல்–லெர்னர் நிபந்தனையும் அப்படித்தான். வணிகம் சமநிலையில் தொடங்குகிறது என்று கொண்டால், ஏற்றுமதித் தேவையின் நெகிழ்ச்சியும் (விலை ஒரு சதவீதம் மாறினால் தேவை எத்தனை சதவீதம் மாறும் என்பது) இறக்குமதித் தேவையின் நெகிழ்ச்சியும் சேர்ந்து 1-ஐத் தாண்டினால்தான் நாணயச் சரிவு வணிக இருப்பை மேம்படுத்தும். கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வெளியிலிருந்து வாங்கும் நாடு, விலை ஏறியது என்பதற்காகப் பேருந்துகளை உடனே நிறுத்திவிட முடியாது. ஆகவே முதல் சில மாதங்களில் வணிக இருப்பு இன்னும் மோசமாகிப் பின்னரே தேறுகிறது. ஆங்கில ஜே எழுத்தைப் போல அந்தக் கோடு வளைவதற்குக் காரணம் இதுதான்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் அயல்நாட்டுச் செலுத்துநிலைக் கணக்கை, அதாவது நாடு மற்ற நாடுகளோடு செய்யும் கொடுக்கல் வாங்கல் அனைத்தின் பதிவை, கையால் எழுதிப் பழகுங்கள். குன்னூர் வணிகர் ஒருவர் 10,000 டாலர் மதிப்புள்ள தேயிலையைக் கொச்சி வழியாக அனுப்புகிறார் என்று கொள்ளுங்கள். நடப்புக் கணக்கில் பொருள் ஏற்றுமதியாக 10,000 வரவு. அந்தத் தொகை அவருடைய வங்கி நியூயார்க்கில் வைத்திருக்கும் கணக்கில் ஏறுவதால், நிதிக் கணக்கில் இந்தியாவின் வெளிநாட்டுச் சொத்து 10,000 கூடியதாக மறுபதிவு. அந்த டாலர்களை ரிசர்வ் வங்கி வாங்கிக்கொண்டால் செலாவணி இருப்பு கூடியதாக அந்த மறுபதிவு இடம் மாறும். வளைகுடாவிலிருந்து அண்ணன் அனுப்பும் பணமும் நடப்புக் கணக்கில்தான் வரும். அது கடன் அன்று. இப்படி இருபது பதிவுகள் எழுதிய பிறகு, நடப்புக் கணக்கு இருப்பு என்பது நாட்டின் சேமிப்பிலிருந்து முதலீட்டைக் கழித்தது என்ற சமன்பாட்டைப் பாருங்கள். நாட்டின் சேமிப்பும் முதலீடும் மாறாதவரை, தேயிலை ஏற்றுமதி கூடினாலும் வேறெங்கோ அதே அளவு பற்றாக்குறை கூடியாக வேண்டும். எனக்கு இந்தப் பாடத்தின் மேல் பற்று ஏற்பட்டது அந்த வரியைப் புரிந்துகொண்ட அன்றுதான்.

கூடலூர் எழுதியது:

என் தாத்தாவும் பாட்டியும் மலையகத் தமிழரைப் பற்றி இந்தியாவும் இலங்கையும் 1964-இல் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து இங்கே வந்தவர்கள். உறவினர் பலர் இன்றும் ஹட்டன் பக்கம் இருக்கிறார்கள். மாணவிக்கு ஒரே ஒரு நாட்டை ஆழமாகப் படிக்க விருப்பம் இருந்தால் இலங்கையைப் படிக்கச் சொல்வேன்.

2021 செப்டம்பரிலிருந்து 2022 மார்ச் தொடக்கம் வரை அங்கே டாலர் ஏறத்தாழ 200 ரூபாயில் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. உண்டியலில் (வங்கியைத் தவிர்த்துத் தனியார் வழியாகப் பணம் அனுப்பும் முறை) அனுப்பினால் அதைவிட அதிக ரூபாய் கிடைத்தது. வெளிநாட்டில் வேலை செய்தவர்கள் வங்கியை விட்டு உண்டியலுக்குப் போனார்கள். வங்கி வழியாக வந்த தொகை 2020-இல் சுமார் 710 கோடி டாலராக இருந்தது, 2021-இல் சுமார் 550 கோடி டாலராக இறங்கியது. அதே 2021-இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்ததில் தேயிலை விளைச்சலும் அடி வாங்கியது. வீதத்தைக் காப்பதற்காகவே செலாவணி இருப்பைக் கரைத்தார்கள். அது கரைவதைக் கண்டவர்கள் டாலரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பிடியை விட்ட பிறகு இரண்டே மாதங்களில் டாலர் 360 ரூபாய் ஆயிற்று. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தார்கள்.

1979-இல் பொருளியலாளர் பால் க்ருக்மன் எழுதிய நெருக்கடி மாதிரி இதைத்தான் சொல்கிறது: செலாவணி இருப்பு முழுவதும் தீரும் நாள்வரை யாரும் காத்திருப்பதில்லை, அதற்கு முன்பே ஓடத் தொடங்குவார்கள். வகுப்பில் அதைச் சமன்பாடாகப் படித்தபோது எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை. பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற அத்தை தொலைபேசியில் பேசிய பிறகு அதே பக்கத்தைத் திரும்பப் படித்தேன். ஒவ்வொரு குறியீடும் என்னவென்று தெரிந்தது.

கோத்தகிரி மாணவி எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. செலுத்துநிலைப் பதிவுகளை எழுதத் தொடங்கிவிட்டேன். ஆசிரியர் ஐயாவிடம் இன்னொன்று கேட்க வேண்டும். ரஷ்யாக்காரன் வாங்கிய காலத்தில் கொழுந்து விலை நன்றாக இருந்தது என்று ஊரில் பெரியவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். அவ்வளவு ஏற்றுமதி செய்த நாடு 1991-இல் டாலர் இல்லாமல் ஏன் திண்டாடியது?

குன்னூர் ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

இந்தக் கேள்வியை நான் பாடம் நடத்திய காலத்தில் யாரும் கேட்டதில்லை. விரிவாகவே எழுதுகிறேன்.

சோவியத் ஒன்றியத்துடன் 1953 முதல் ஒப்பந்தத்தின்படி ரூபாயில் வணிகம் நடந்தது. அவர்கள் நம் தேயிலைக்குக் கொடுத்தது டாலர் அன்று. இந்தியாவில் வைக்கப்பட்ட கணக்கில் ரூபாயாக வரவு வைத்து, அந்த ரூபாயைக் கொண்டு இந்தியப் பொருள்களை வாங்கினார்கள். நாம் அவர்களிடமிருந்து இயந்திரமும் எண்ணெயும் ஆயுதமும் வாங்கியதும் அதே கணக்கில் நேர் செய்யப்பட்டது. அந்தக் கணக்கில் சேர்ந்த ரூபாயைக் கொண்டு குவைத்தில் ஒரு பீப்பாய் எண்ணெய்கூட வாங்க முடியாது. ஆகவே குன்னூரிலிருந்து எத்தனை பெட்டி தேயிலை போனாலும் மாற்றத்தக்க செலாவணி, அதாவது எந்த நாட்டிலும் செல்லும் டாலர் போன்ற பணம், சேரவில்லை. ஏற்றுமதி என்ற ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டு வகையும் அடங்கியிருந்தன.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்ததும் எண்ணெய் விலை ஏறியது. வளைகுடாவில் இருந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். வெளிநாடு வாழ் இந்தியர் வைப்புகள் வெளியேறின. செலாவணிக் கையிருப்பு ஏறத்தாழ மூன்று வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலைக்கு வந்தது. 1991 சூலை 1, 3 ஆகிய நாள்களில் இரண்டு படிகளாக ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. அதே மாதம் 47 டன் அளவுக்குத் தங்கம் இங்கிலாந்து வங்கியிலும் ஜப்பான் வங்கியிலும் ஈடு வைக்கப்பட்டது.

இப்போது நீலகிரியைப் பாருங்கள். பாடநூலின்படி அந்த மதிப்புக் குறைப்பு நம் தேயிலைக்கு வாழ்வு தந்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஆண்டின் முடிவில் சோவியத் ஒன்றியம் என்ற நாடே இல்லை. விலை மலிந்தபோது, வாங்கப் பழகியவரின் கையில் பணம் இல்லை. தேவைக் கோட்டின் மேலேயே நகர்வது ஒன்று, தேவைக் கோடே இடம்பெயர்வது வேறொன்று என்று நுண்ணியல் பொருளியல் வகுப்பில் படித்திருப்பீர்களே, இங்கே இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தன. 1993-இல் ரஷ்யாவுடன் செய்த உடன்பாட்டின்படி நாம் பழைய கடனை ரூபாயிலேயே திருப்பிச் செலுத்தினோம். அந்த ரூபாயில் அவர்கள் தேயிலையும் வாங்கியதால் சில ஆண்டுகள் மூச்சு வந்தது. 1998 ஆகஸ்டில் ரஷ்யா ரூபிளின் மதிப்பைத் தாங்கிப் பிடிப்பதைக் கைவிட்டு, கடனைத் திருப்பிச் செலுத்துவதையும் நிறுத்தியது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் இந்த மலையில் சிறு விவசாயிகள் பட்ட பாட்டை உங்கள் பாட்டியிடம் கேளுங்கள். பச்சைத் தேயிலைக்கு ஆதார விலை கேட்டு ஊர் ஊராகத் தெருவில் நின்றார்கள்.

மும்முனைச் சிக்கலையும் இதே கதையில் வைத்துப் படிக்கலாம். நிலையான வீதம், தடையில்லா மூலதனம், சொந்தப் பணக் கொள்கை ஆகிய மூன்றில் இரண்டைத்தான் ஒரு நாடு வைத்துக்கொள்ள முடியும். 1991-க்கு முன் நாம் மூலதனத்தை அடைத்து மற்ற இரண்டையும் வைத்திருந்தோம். 1993 மார்ச் முதல் வீதத்தைச் சந்தையிடம் விட்டு, தேவையானபோது ரிசர்வ் வங்கி தலையிடுகிறது. மூலதனக் கதவைப் பாதி திறந்திருக்கிறோம். கூடலூர்த் தம்பி சொன்ன இலங்கை எந்த முனையைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தது என்று நீங்களே எழுதிப் பாருங்கள்.

குந்தா எழுதியது:

ஐயா, என் வீட்டிலும் அந்த ஆண்டுகளில் தேயிலையைப் பிடுங்கிவிட்டுக் காரட் போட்டோம். அதற்கும் மண்டலுக்கும் தொடர்பு உண்டு என்று எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை. தோட்டத்தைப் பிறகு பார்க்கலாம் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். இரண்டையும் சேர்த்தே படிக்கட்டும்.

கோத்தகிரி மாணவி எழுதியது:

நேற்று இரவு தகரப் பெட்டியைத் திறந்து, அப்பா படிக்கப் படிக்க ஐந்து ஆண்டுகளின் மாத விலைகளை வரைபடத் தாளில் குறித்தேன். டாலர் வீதத்தை மேலே சிவப்பு மையில் வரைந்தேன். சிவப்புக் கோடு படிக்கட்டு போல ஏறுகிறது. கொழுந்துக் கோடு அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கொழுந்து அதிகம் வரும் மாதங்களில் இறங்குகிறது, பனி விழும் மாதங்களில் கொஞ்சம் நிமிர்கிறது. அப்பா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, ஓரிடத்தில் விரலை வைத்து, இந்த மாதம் மட்டும் ஏன் தூக்கியிருக்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

உதகை ஆய்வு மாணவர் எழுதியது:

கொழுந்து வரத்து மாதத்துக்கு மாதம் மாறுவதால் வரும் ஏற்ற இறக்கத்தை முதலில் நீக்குங்கள்: ஒவ்வொரு மாதத்தையும் சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டு மாற்றத்தை மட்டும் குறியுங்கள். டாலர் வீதத்துக்கும் அப்படியே செய்யுங்கள். பிறகு மொம்பாசா ஏல விலையை மூன்றாவது கோடாகச் சேருங்கள். அப்பா விரல் வைத்த மாதம் எது என்று இங்கே எழுதினால், அப்போது கென்யாவில் வறட்சி இருந்ததா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.